இந்தி தெரிந்த ஆள் ஒருவர் இருந்தால் போதுமா? மூன்றாம் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள்

பின்னல்டீச்சர் | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். திருப்பூர்ப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் 31 பேர். அதில் 11 பிள்ளைகளின் அப்பா அம்மா பனியன் கம்பெனி வேலைக்காக வடக்கிலிருந்து வந்தவர்கள்.

ஜூனிலிருந்தே இவர்களோடு பேச ஆள் இல்லை என்று புலம்பி, ஒருவழியாக இந்தி தெரிந்த ஒரு தன்னார்வலரைப் பிடித்தோம். நல்ல பெண். முதல் நாளே எங்கள் கணக்கு தப்பு என்று தெரிந்துவிட்டது. 'இந்திப் பசங்க' என்று நாங்கள் மொத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்த 11 பேரில் வீட்டில் இந்தி பேசுகிறவர்கள் இரண்டே பேர். பீகாரின் தர்பங்காவிலிருந்து வந்த நாலு பேருக்கு மைதிலி. மூன்று பேருக்கு ஒடியா. ஒருத்திக்கு வங்காளம். ஜார்கண்டிலிருந்து வந்த ஒரு குட்டிப் பெண்ணுக்கு சந்தாலி.

இந்தச் சந்தாலிக்காரி ஜூலையில் ஒருநாள் என் புடவையை இழுத்து 'தாக்' என்றாள். தாகம் என்கிறாள் என்று பாட்டிலைக் கொடுத்தேன், குடித்தாள். தமிழ் வந்துவிட்டது என்று தலைமையாசிரியரிடம் பெருமையாக வேறு சொல்லிவிட்டேன். சந்தாலியில் தண்ணீருக்கே 'தாக்' என்றுதான் பேர் என்பது போன வாரம் அவள் அப்பா சொல்லித்தான் தெரிந்தது.

இப்போது என் கவலை மைதிலி பேசும் பையன் ஒருவனைப் பற்றி. ஐந்து மாதமாக ஒரு வார்த்தை இல்லை. எண்ணும் எழுத்தும் பிரிவில் (அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை) தமிழுக்கும் கணக்குக்கும் அடிநிலையான அரும்பில்தான் உட்கார்ந்திருக்கிறான். மனவளர்ச்சிக் குறைபாடாக இருக்குமோ, பி.ஆர்.சி.க்கு (வட்டார வள மையம்) எழுதிப் போடுங்கள் என்று சக ஆசிரியை சொல்கிறார். எனக்கு மனசு வரவில்லை. வீட்டாரைப் பார்த்துப் பேசலாம் என்றால் எந்தக் கூட்டத்துக்கும் அவர்கள் வருவதில்லை. வேறு பள்ளிகளில் என்ன செய்கிறீர்கள்?

—

சிறப்புப்பயிற்றுநர் | ஞாயிறு, இரவு 10.15

டீச்சர், எழுதிப் போடுவதற்கு முன் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். அவன் வீட்டில் பேசுகிறானா என்று கேளுங்கள். தம்பி தங்கையோடு சண்டை போடுகிறானா, கடைக்குப் போய்ச் சில்லறை சரியாக வாங்கி வருகிறானா, கதை சொல்கிறானா? வீட்டில் வாயாடி, பள்ளியில் ஊமை என்றால் அது குறைபாடு இல்லை. புது மொழிக்குள் வந்து விழுந்த பிள்ளைகள் பல மாதம் இப்படிக் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பது சகஜம். வீட்டிலும் சொந்த மொழியில் பேச்சு பிந்தியிருந்தால் அப்போது கட்டாயம் அனுப்புங்கள், தாமதிக்க வேண்டாம்.

என்னிடம் வரும் பெயர்களில் இந்த மாதிரி தப்பாக வந்தவை கொஞ்ச நஞ்சமில்லை. தமிழில் கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரவில்லை என்று அறிவைக் குறைத்து எழுதிவிடுகிறோம். கணக்கை மட்டும் ஒருநாள் அவன் மொழியில் சோதித்துப் பாருங்கள்.

—

ஆலுவாப்பக்கம் | திங்கள், காலை 7.05

நான் பெரும்பாவூரில் பிளைவுட் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், ஊர் தென்காசி. எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017இல் ரோஷ்னி என்று ஒன்று ஆரம்பித்தார்கள். முதலில் செய்து பார்த்தது பினானிபுரம் அரசுப் பள்ளியில். எடையார் தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருப்பதால் அங்கே வெளிமாநிலப் பிள்ளைகள் அதிகம். செய்தது ரொம்ப எளிமையான விஷயம். மணி அடிப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே பிள்ளைகளை வரச்சொல்லி, காலைச் சாப்பாடு கொடுத்து, அவர்கள் மொழியும் மலையாளமும் தெரிந்த ஒருவரை வைத்துப் பாடம். அவர் பாதி வாக்கியம் பிள்ளையின் மொழியில் பேசுவார், பாதி மலையாளத்தில். போகப் போக மலையாளம் கூடும், மற்றது குறையும். இந்தி, வங்காளம், ஒடியா என்று அந்தந்தப் பிள்ளைக்குத் தகுந்த மாதிரி ஆள்.

மலையாளம் மட்டும் பேசு என்று விரட்டவில்லை. அதுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

—

பெற்றோர்77 | திங்கள், காலை 8.30

நான் சொல்வது யாருக்கும் பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன். என் பெண்ணும் இப்படி ஒரு வகுப்பில்தான் மூன்றாவது படிக்கிறாள். டீச்சர் பாதி நேரம் சைகை காட்டிக்கொண்டே இருக்கிறாராம். தமிழ்ப் பிள்ளைகளுக்கு யார் சொல்லித் தருவது? நாங்கள் தனியாருக்குக் கட்டப் பணம் இல்லாமல்தானே அரசுப் பள்ளிக்கு வருகிறோம்?

—

கோவைக்குசும்பன் | திங்கள், காலை 8.52

இதற்குத்தான் அப்போதே இந்தியைப் பள்ளியில் வைத்திருந்தால்...

—

மட்டுறுத்துநர் | திங்கள், காலை 9.10

இருமொழிக் கொள்கைக்குத் தனி இழை இருக்கிறது, 1968இலிருந்து எல்லாவற்றையும் அங்கே பேசி முடித்துவிட்டார்கள். இதற்குக் கீழே வந்த பதினேழு பதில்களையும் அங்கே நகர்த்தியிருக்கிறேன். மேலே டீச்சர் எழுதியதைப் படித்திருந்தால், 11 பேரில் 9 பேருக்கு இந்தியும் வெளி மொழிதான் என்பது தெரிந்திருக்கும்.

—

பின்னல்டீச்சர் | திங்கள், மாலை 5.20

பெற்றோர்77 சார், நீங்கள் சொன்னதில் பொய் இல்லை. நேரம் போகத்தான் செய்கிறது. 31 பேருக்கு நான் ஒருத்தி. பெரிய மனசு பண்ணிப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளைகள் புரியாமலே உட்கார்ந்திருந்தால் நேரம் இன்னும் போகும். எங்கள் வகுப்பில் ஒரு தமிழ்ப் பையன், லைன் வீட்டில் இவர்களோடு பக்கத்துப் பக்கத்து வீடு, மைதிலி நன்றாகவே பேசுகிறான். படிப்பில் ரொம்பச் சுமார். இந்த மூன்று வாரமாக அவன்தான் எனக்குத் துபாஷி. அவன் நிமிர்ந்து உட்கார்வதைப் பார்க்க வேண்டுமே.

சிறப்புப்பயிற்றுநர் சார், இன்று கணக்கைச் சோதித்தேன். தன்னார்வலர் மேடத்தை வைத்து 'இரண்டாம் வாய்ப்பாடு சொல்லு' என்று இந்தியில் கேட்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். அப்புறம் 'தோ ஏகம் தோ, தோ தூனி சார்' என்று பாட்டு மாதிரி ஆரம்பித்தவன் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டில்தான் நின்றான். அவனைப் போய் அரும்பில் வைத்திருந்திருக்கிறேன். எனக்கே கூச்சமாகிவிட்டது.

வாசிப்புக்கு ஒன்று தோன்றியது. திருப்பூர் ரயில் நிலையப் பெயர்ப் பலகையைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தேன், மூன்று மொழியிலும் பேர் இருக்குமே. காட்டினேன். இந்தி எழுத்தின் மேல் விரலை ஓட்டி 'திருப்பூர்' என்று வாசித்தான். பிறகு அவனாகவே தமிழ் வரிக்கு விரலைக் கொண்டுபோய், 'தி' மேல் வைத்து என்னைப் பார்த்தான். தலையாட்டினேன். ஐந்து மாதமாக நான் சார்ட்டில் காட்டி வராத எழுத்து அது.

—

மூணாவதுபெஞ்ச் | திங்கள், இரவு 11.30

பின்னல்டீச்சர் அக்கா, நான் அந்தப் பையன்தான். அதாவது பதிமூன்று வருஷத்துக்கு முந்தைய அவன். சீதாமடியிலிருந்து ஏழு வயதில் கோவைக்கு வந்தேன். இப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம், இதைத் தமிழில்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும்.

நான் பேசாமல் இருந்தது ஏழு மாதம். புரியாமல் இல்லை. நாலாவது மாதமே முக்கால்வாசி புரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் சிரிப்பார்கள் என்ற பயம். 'ழ' வராது. ஒருநாள் 'பழம்' என்பதை நான் சொன்ன விதத்தை வகுப்பே ஒரு வாரம் சொல்லிக் காட்டியது.

பேச ஆரம்பித்த பிறகு வேறு தொல்லை. வீட்டில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நான்தான். ரேஷன், வீட்டுக்காரர், கேஸ் என்று எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூட்டிப்போவார்கள். பள்ளியில் அம்மாவை வரச்சொல்லி 'உங்கள் பையன் வீட்டுப்பாடமே செய்வதில்லை' என்று டீச்சர் சொன்னார். நான் அதை 'நன்றாகப் படிக்கிறான், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்' என்று மொழிபெயர்த்தேன். அம்மா கைகூப்பினார். டீச்சர் குழம்பிப்போனார். இதைச் சொல்லி இப்போதும் வீட்டில் சிரிப்போம்.

சிரிக்க முடியாத இன்னொன்றும் உண்டு. பத்து வயதில் அம்மாவை ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே கேட்டதெல்லாம் பெண்கள் சமாச்சாரம். எத்தனை நாளாக ரத்தம் போகிறது என்று என்னிடம் கேட்டு, என்னை அம்மாவிடம் கேட்கச் சொன்னார்கள். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னார். குழந்தை கலைந்துவிட்டது என்பதை அம்மாவுக்கு நான்தான் சொன்னேன். அந்த வார்த்தை மைதிலியில் எனக்கு அப்போது தெரியாது. 'பாப்பா இனிமேல் வராது' என்று சொன்னேன்.

பிள்ளைகளைத் துபாஷியாக வைக்காதீர்கள், தயவுசெய்து. வேறு பெரியவர் யாராவது ஒருவரைப் பிடியுங்கள், போனிலாவது.

—

பின்னல்டீச்சர் | செவ்வாய், காலை 6.10

தம்பி, படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பையனைத் துபாஷி ஆக்கியதைப் பெருமையாக எழுதியிருந்தேன். வகுப்பு விளையாட்டுக்கும் பாட்டுக்கும் அவன் இருக்கட்டும். வீட்டு விஷயத்துக்கு இனி அவனைக் கூப்பிட மாட்டேன்.

—

காலைச்சாப்பாடு | செவ்வாய், மதியம் 2.00

நான் மகளிர் குழுவில் இருக்கிறேங்க, எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல காலை உணவு சமைக்கிறது நாங்கதான். ஒரு தமாஷ் சொல்றேன். செவ்வாய்க்கிழமை ரவை கிச்சடின்னு சொன்னதும் பீகார்ப் பிள்ளைங்க ஆசையா ஓடி வருவாங்க. தட்டுல பார்த்ததும் மூஞ்சி தொங்கிடும். எனக்கு விளங்கவே இல்லை. அப்புறம் ஒரு புதன்கிழமை வெண்பொங்கல் போட்டோம். ஒரு பொடியன் தட்டைக் காட்டி 'கிச்சடி! கிச்சடி!'ன்னு குதிக்கிறான். அவங்க ஊர்ல அரிசியும் பருப்பும் போட்டுக் குழைய வேகவைக்கிறதுதான் கிச்சடியாம். நம்ம பொங்கல்தான்! அன்னைக்கு மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டான். இப்ப நாங்களும் புதன்கிழமையை பீகார் கிச்சடின்னே சொல்லிப் பரிமாறுறோம், தமிழ்ப் பிள்ளைங்களும் அப்படியே கேக்குது.

முட்டை சாப்பிடாத பிள்ளைங்களும் உண்டு, மதியச் சாப்பாட்டுல. கட்டாயப்படுத்தாதீங்க, அதே சமயம் வடக்கத்திப் பிள்ளைன்னா முட்டை தொடாதுன்னு நீங்களா முடிவும் பண்ணாதீங்க. எங்க ஒடியாப் பிள்ளைங்க ரெண்டு கேக்குதுங்க.

—

ஸ்கார்பரோஅக்கா | செவ்வாய், இரவு 8.45 (இங்கே காலை)

யாழ்ப்பாணத்திலிருந்து தொண்ணூறுகளில் டொரோண்டோ வந்த குடும்பம் எங்களது. மூணாவதுபெஞ்ச் தம்பி எழுதியதில் ஊரை மட்டும் மாற்றினால் அது என்ர கதை. அகதி விண்ணப்பத்துக்கு வக்கீலோடு அப்பா பேசினதை நான்தான் பன்னிரண்டு வயதில் ஆங்கிலத்தில் சொன்னேன். அப்பாவுக்கு ஆமி (ராணுவம்) செய்ததை எல்லாம் நான் சொல்ல வேண்டி வந்தது.

இப்போது நான் இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறேன். ஒரு விஷயம் உங்களுக்கு உதவலாம். டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஜிம் கம்மின்ஸ் குடியேறிய பிள்ளைகளை வைத்து ஆராய்ந்து சொன்னது: விளையாட்டு மைதானத்துப் பேச்சுமொழி இரண்டு வருஷத்துக்குள் வந்துவிடும், பாடப்புத்தக மொழி மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக வர ஐந்து முதல் ஏழு வருஷம் பிடிக்கும். ஆசிரியர்கள் ஏமாறுவது இந்த இடைவெளியில்தான். பிள்ளை தமிழில் சரளமாகச் சண்டை பிடிக்கிறது, அப்போ அறிவியல் பாடம் ஏன் விளங்கவில்லை, சோம்பேறி என்று முடிவு கட்டிவிடுவார்கள். அடுத்த வருஷம் அந்தப் பையன் பேசத் தொடங்கியதும் உங்களுக்கும் அந்த எண்ணம் வரும். வரும்போது இதை நினையுங்கோ.

இன்னொன்று, வீட்டில் தமிழிலேயே பேசுங்கள் என்று அந்தப் பெற்றோரிடம் தயவுசெய்து சொல்ல வேண்டாம். எங்களுக்கு இங்கே அந்தக் காலத்தில் ஆங்கிலத்தில் பேசச் சொன்னார்கள். அம்மா தனக்குத் தெரிந்த நாப்பது ஆங்கிலச் சொல்லோடு தம்பியை வளர்த்தார். தம்பிக்கும் அம்மாவுக்கும் இன்றைக்குவரை ஆறுதலாக இருந்து கதைக்க ஒரு மொழி இல்லை.

—

செங்கல்சூளை | புதன், காலை 10.20

திருவள்ளூர் மாவட்டத்துச் சூளைகளில் சில வருடம் தன்னார்வலராகப் போயிருக்கிறேன். திருப்பூரோடு ஒப்பிட்டால் அங்கே நிலைமை வேறு, கொஞ்சம் சொல்கிறேன்.

ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா பக்கத்திலிருந்து வருவார்கள். புது அரிசிப் பண்டிகை, நுவாகாய் என்பார்கள், அது முடிந்ததும் தரகர் கையில் முன்பணம் வாங்கிக்கொண்டு ரயில் ஏறுவது. மழைக்காலம் தாண்டிச் சூளை ஆரம்பித்தால் மே, ஜூன் வரை வேலை. ஆக, ஊரில் பாதி வருடம், இங்கே பாதி வருடம். இரண்டு ஊர்ப் பதிவேட்டிலும் பிள்ளை 'நீண்டகால வருகையின்மை'. வாங்கிய முன்பணத்துக்குக் கல் அறுத்துக் கழிக்க வேண்டும் என்பதால், ஒன்பது பத்து வயதுப் பிள்ளை கல்லைத் திருப்பிப் போட்டுக் காயவைக்க உட்கார்ந்துவிடும். இவர்களுக்குச் சூளையிலேயே ஒடியாப் பாடநூலை வைத்து வகுப்பு நடத்தியபோதுதான் பிள்ளைகள் வந்தார்கள். ஏனென்றால் ஜூனில் ஊர் திரும்பினால் அங்கே ஒடியாதானே வேண்டும். தமிழ் கற்றுக்கொடு என்று நாம் துடித்தால் போதுமா, அந்தக் குடும்பம் எங்கே இருக்கப்போகிறது என்பதைக் கேட்க வேண்டாமா? உங்கள் 11 பேரில் யார் நிலையாகத் தங்குபவர், யார் ஹோலிக்குப் போய்த் திரும்பாதவர் என்று தெரியுமா டீச்சர்?

சட்டப் பக்கம் இரண்டு வரி. கல்வி உரிமைச் சட்டப்படி டி.சி. வரத் தாமதம் என்று சேர்க்கையை மறுக்க முடியாது, வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்க முடியாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துவிட்டு, விட்டதைப் பிடிக்கத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும். 2010 ஏப்ரலிலிருந்து அமலில் இருக்கிறது, இன்னமும் 'டி.சி. கொண்டா' என்று திருப்பி அனுப்பும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை ஊருக்குக் கிளம்பும்போது 'பென்' எண்ணை (மாணவரின் நிரந்தரக் கல்வி எண்) ஒரு தாளில் பெரிதாக எழுதி அம்மா கையில் கொடுங்கள். அது இருந்தால் அந்த ஊர்ப் பள்ளியில் பெயரைத் தேடி எடுப்பது சுலபம்.

—

பெற்றோர்77 | புதன், இரவு 9.00

எல்லாவற்றையும் படித்தேன். என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது, இன்னொரு டீச்சர் போடாமல் இது தீராது. அதை யாரிடம் கேட்பது என்று சொல்லுங்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் நானே எழுந்து கேட்கிறேன்.

—

பின்னல்டீச்சர் | 18 நாள் கழித்து, ஞாயிறு, இரவு 10.05

தாமதத்துக்கு மன்னிக்கவும், நடுவில் தேர்வு வந்துவிட்டது.

பெற்றோர்77 சார், குழுவில் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். ஆசிரியர் நாங்கள் கேட்டால் கடிதம், பெற்றோர் கேட்டால் தீர்மானம். இரண்டுக்கும் எடை வேறு.

பெற்றோர் ஏன் வருவதில்லை என்று கேட்டிருந்தேனே, அது என் முட்டாள்தனம். எங்கள் கூட்டம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. அவர்கள் பார்ப்பது ஒன்றரை ஷிப்ட், காலை எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டு. சனிக்கிழமை சம்பளம். ஞாயிற்றுக்கிழமைதான் துணி துவைப்பது, சந்தைக்குப் போவது எல்லாம். மூன்று மணிக்குக் கம்பெனியை விட்டு வந்தால் அரை நாள் கூலி போச்சு. 'அக்கறையே இல்லை' என்று ஸ்டாஃப் ரூமில் நானும்தான் சொல்லியிருக்கிறேன்.

அதனால் போன ஞாயிறு நானும் தன்னார்வலர் மேடமும் அவர்கள் காம்பவுண்டுக்கே போனோம். ஒரே வரிசையில் பன்னிரண்டு வீடு, ஒரு தண்ணிக் குழாய். என்னைப் பார்த்ததும் இரண்டு பெண்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். 2023 மார்ச்சில் வடக்கத்தியரை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவி, நிறையப் பேர் பயந்து ஊருக்கு ரயில் ஏறினார்களே, அந்த வாரம் எங்கள் பள்ளியில் பாதி வடக்குப் பிள்ளைகள் வரவில்லை. கையில் பதிவேட்டோடு யாராவது வந்தால் இன்னமும் அந்தப் பயம். பதிவேட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன். குழாயடியில் உட்கார்ந்தேன்.

அந்தப் பையனின் அப்பா டெய்லர், பத்து வருடமாகத் திருப்பூரில் இருப்பவர், தமிழ் நன்றாகப் பேசுகிறார். எனக்குத் தெரியவே தெரியாது! சேர்க்கையன்று வந்தது தமிழ் தெரியாத சித்தப்பாவாம். வீட்டில் பையன் வாய் ஓயாமல் பேசுகிறான், என்னைப் போலவே நடித்துக்கூடக் காட்டுகிறானாம். இடுப்பில் கை வைத்து 'அமைதி, அமைதி' என்று. குழாயடியே சிரித்தது. பி.ஆர்.சி.க்கு எழுதவில்லை.

இப்போது சுற்றறிக்கையை நான் தமிழில் அவரிடம் சொல்கிறேன், அவர் முப்பது விநாடி மைதிலியில் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அம்மாக்கள் பலருக்கு எந்த மொழியிலும் வாசிக்கத் தெரியாது. நான் இத்தனை நாள் இந்தியில் அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று இல்லை. வங்காளம் பேசிய பெண் இரண்டு வாரமாக வரவில்லை, வீடு பூட்டியிருக்கிறது, போன் எடுக்கவில்லை. காமன் பூலில், அதாவது பள்ளியை விட்டுப் போன பிள்ளைகளின் பொதுப் பட்டியலில், போடச் சொல்கிறார்கள். பென் எண் எழுதிய தாள் என் பையிலேயே இருக்கிறது. பையன் கணக்கில் மலருக்கு வந்துவிட்டான், தமிழில் இன்னும் அரும்புதான். பேசுகிறானா என்று கேட்காதீர்கள். நேற்று என்னைப் பார்த்து 'மிஸ், சாக்பீஸ்' என்றான், அதில் தமிழ் எங்கே இருக்கிறது!

ஒடியாப் பிள்ளைகள் மூவருக்கும்தான் இன்னும் யாரும் கிடைக்கவில்லை. ஒடியா தெரிந்தவர் யாராவது வாரம் ஒருநாள் போனில் பேச முடியுமா?

—

கட்டாக்மருமகள் | ஞாயிறு, இரவு 10.40

டீச்சர், எனக்கு ஊர் கும்பகோணம், கட்டாக்கில் வாழ்க்கைப்பட்டு ஒன்பது வருடம். ஒடியா வாசிக்கவும் வரும். வியாழன் சாயங்காலம் சௌகரியமா? பிள்ளைகள் எந்த மாவட்டம் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். பலாங்கீர்ப் பக்கம் என்றால் அது சம்பல்புரி, அவர்கள் பேச்சுக்கு என் மாமியாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும்.